எங்கேயும் நிறுத்தாதே

குளுவாங், ஜொகூர்
2.4.2023, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள அற்புதம்மாள் அக்காவுக்கு,

தம்பி மைக்கல் எழுதுவது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து உங்கள் போனுக்கு அடிக்கிறேன், மணியே போவதில்லை. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. உங்கள் மகள் நிக்கோலும் எடுப்பதில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தமிழில் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும். மலாயில் ரிப்போர்ட் எழுதியே கை பழகிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்ரியன் போன செய்தி கிடைத்ததும் ஒன்பது மணி நேரம் காரோட்டி உங்கள் தேயிலை மலைக்கு வந்தேன். யூனிபோர்மில் வரவில்லை, வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன். தாய்மாமன் என்று பெட்டியைத் தூக்கக் கை வைத்தபோது நீங்கள் சொன்னீர்கள்: "கைய எடு மைக்கல். போலீஸ்காரன் கை எம்புள்ள பொட்டி மேல படக்கூடாது." லயன் வீட்டுச் சனமே பார்த்துக்கொண்டு நின்றது. நான் ஒதுங்கிக்கொண்டேன். நீங்கள் எல்லோரும் பெக்டரி ரோட்டில் ஏறிப் போகும்வரை டிஸ்பென்சரி பக்கத்தில் நின்றேன். மழை வந்ததும் திரும்பிவிட்டேன்.

கோபம் நியாயம்தான் அக்கா. நான் இருப்பது ஜொகூரில். சுட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக இந்தப் போலீஸ் சட்டையைப் போடுகிறேன், ஒரு மனிதனை நோக்கிச் சுட்டதில்லை. இதையாவது நம்புங்கள்.

இன்னும் எழுத நினைத்தேன். கை வரவில்லை.

மைக்கல்


மேல் டிவிஷன் லயன், 14ஆம் வீடு
கம்போங் ராஜா வழி
23.4.2023

மைக்கலுக்கு,

உன் கடிதத்தை ராமையா அண்ணன் ஆபீஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததுமே அடுப்பில் போடப் போனேன். படித்துவிட்டுப் போடலாம் என்று பிரித்தேன். இன்னும் போடவில்லை.

பத்திரிகையில் வந்ததை நீயும் படித்திருப்பாய். கொள்ளைக் கும்பலைச் சேர்ந்தவன், போலீஸ் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் ஓட்டினான், காரில் பாராங் இருந்தது. அந்தப் பாராங் எது என்று உனக்குத் தெரியும். கோலா தெர்லா தோட்டத்தில் ஐந்து வருஷமாக அவன் முட்டைக்கோஸ் வெட்டிய கத்தி. பிடியில் சிவப்பு ரப்பர் சுற்றியிருக்கும். போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீயே அதை வாங்கிக் கோஸ் வெட்டிப் பார்த்தாய், கையைக் கிழித்துக்கொண்டாய்.

அன்றைக்கு அவன் ஈப்போவுக்கு இறங்கியது தோட்ட முதலாளி தவுக்கேயின் லோரிக்கு டயர் எடுத்துவர. தவுக்கே யாரிடம் வேண்டுமானாலும் சொல்லத் தயார் என்கிறார். ஒருத்தரும் வந்து கேட்கவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அவன் ஏன் நிற்கவில்லை? நம் எட்ரியன் பயந்தாங்கொள்ளி. ரோட்டில் போலீஸ் நின்றால் கேட்பதற்கு முன்னாலேயே லைசென்ஸை நீட்டுகிறவன். இருபத்து நாலு வயசில் ஒரு அபராதச் சமன்கூட வாங்கியதில்லை. அப்படிப்பட்டவன் ஏன் ஓட்டினான்?

முப்பது வருஷம் என்னோடு கொழுந்து எடுத்த ஜெயா, கடை வாசலில் வைத்துக் கேட்கிறாள்: "நின்னுருக்கலாம்ல அற்புதம்?" பூசைக்குப் போனால் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. லயனில் இப்போது தமிழ்க் குடும்பம் நாலுதான். மற்றதெல்லாம் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களில் ஒருத்தன் வாசலில் பருப்புக் கிண்ணம் வைத்துவிட்டுப் போகிறான். அவனுக்கு என் பாஷை தெரியாது, அதனால் ஒன்றும் கேட்பதில்லை. பாஷை தெரிந்தவர்கள்தான் கேட்கிறார்கள்.

நீ போலீஸ்காரன்தானே. ஏன் நிற்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொல். அதுவரை அவனுக்கு மாமன் என்று சொல்லிக்கொள்ளாதே.

அற்புதம்மாள்


குளுவாங்
11.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். இந்தக் கேஸைப் பற்றிப் பேச யாருக்கும் விருப்பமில்லை. "உன் மாநிலம் இல்ல, உன் கேஸும் இல்ல" என்று ஒருத்தர் போனை வைத்துவிட்டார். மரண விசாரணை கேட்டு மனுப் போடலாம். ஈப்போவில் குகனேஸ்வரன் என்று ஒரு வக்கீல் இருக்கிறார், இந்த மாதிரி கேஸ்களை எடுப்பவர். அவரிடம் போங்கள்.

எட்ரியன் நிற்காததற்குக் காரணம் இருக்கும். அவனைத் துரத்தி வந்தவர்கள் யூனிபோர்மில் இருந்திருக்க மாட்டார்கள். கறுப்புக் கார், மேலே விளக்குக் கிடையாது. வந்தவர்களைத் திருடர்கள் என்று நினைத்திருப்பான். அவன்மேல் தப்பே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

எலைனும் பிள்ளைகளும் உங்களை விசாரித்தார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள் அக்கா.

மைக்கல்


மேல் டிவிஷன் லயன்
3.11.2023

மைக்கலுக்கு,

நேற்றுக் கல்லறைத் திருநாள். அவன் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் அவனையும் வைத்திருக்கிறது. இரண்டு கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வந்தேன். காற்றில் ஒன்றும் நிற்கவில்லை.

வக்கீல் குகனேஸ்வரன் நல்ல பையன். போன வாரம் என்னையும் நிக்கோலையும் ஈப்போவுக்கு வரச் சொன்னார். எட்ரியன் போனிலிருந்து போன அழைப்புகளின் பட்டியலைக் கம்பெனியிலிருந்து வாங்கிவிட்டாராம். "அம்மா, கடைசியா ஒரு நம்பருக்குப் பேசியிருக்காரு. மூணு பன்னெண்டுக்கு. நாலு நிமிஷம். இந்த நம்பர் யாருதுன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

நான் மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். நிக்கோல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா நம்பரும்மா" என்றாள்.

நாலு நிமிஷம் மைக்கல். ஒன்பது மணி நேரம் காரோட்டி வந்தாய். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாய். இரண்டு கடிதம் எழுதினாய். வேளைக்குச் சாப்பிடச் சொன்னாய். கறுப்புக் கார் என்று எழுதினாயே, அது வக்கீலுக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது?

என் பிள்ளை உன்னிடம் என்ன பேசினான்?


குளுவாங்
12.11.2023

அக்கா,

14.3.2023 செவ்வாய்க்கிழமை. நான் ஸ்டேஷன் கவுண்டரில் டியூட்டியில் இருந்தேன். மத்தியானம் 3.12க்குப் போன் வந்தது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, பின்னால ஒரு கறுப்புக் காரு ரொம்ப நேரமா ஒட்டிக்கிட்டே வருது. உள்ள ரெண்டு பேரு. ஒருத்தன் கண்ணாடிய எறக்கித் துப்பாக்கியக் காட்டுறான்."

"யூனிபோர்ம் போட்டிருக்கானா?"

"இல்ல மாமா. டீ-சட்டதான். காருலயும் ஒண்ணும் எழுதல."

அந்த மாதம் அந்த ரோட்டில் ஒரு கும்பல், போலீஸ் என்று சொல்லிக் காய்கறி லோரிகளை நிறுத்திக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஸ்டேஷனுக்கும் சுற்றறிக்கை வந்திருந்தது. அதை நினைத்துத்தான் சொன்னேன்: "நிறுத்தாத. எங்கேயும் நிறுத்தாத. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டு. காம்பவுண்டுக்குள்ள போயி நிப்பாட்டு."

"சரி மாமா" என்றான்.

அந்தக் கறுப்புக் காரில் வந்தவர்கள் உண்மையாகவே போலீஸ். அந்தக் கும்பலைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். கும்பல் வைத்திருந்ததும் எட்ரியன் ஓட்டியதும் ஒரே நிறக் கார். ஸ்டேஷன் வாசலுக்கு அறுநூறு மீட்டர் இருக்கும்போது சுட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களிடமிருந்து தப்பிக்க எங்கள் ஸ்டேஷனையே தேடி அவன் ஓடியிருக்கிறான்.

ஏன் நிற்கவில்லை என்று கேட்டீர்கள். நான் சொன்னதால் நிற்கவில்லை.

முதல் நாள் எனக்கு வாயே வரவில்லை. இரண்டாம் நாள் எங்கள் அறிக்கை பத்திரிகையில் வந்துவிட்டது. அதற்கப்புறம் அதை மறுத்துப் பேசினால் வேலை என்ன ஆகும், போலீஸ் குவாட்டர்ஸில் இருக்கும் எலைனும் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே எட்டு மாதம் போய்விட்டது. இதெல்லாம் ஒரு பக்கம். உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் தைரியம் இல்லை, அதுதான் பெரிய காரணம்.

மைக்கல்


மேல் டிவிஷன் லயன்
10.12.2023

மைக்கலுக்கு,

படித்தேன். நிக்கோலிடம் இன்னும் காட்டவில்லை.

நீ சொன்னது தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் "நிறுத்துய்யா, எதக் கேட்டாலும் குடுத்துரு" என்று சொல்லியிருப்பேன். நிறுத்தியிருந்தால் அவனை விட்டிருப்பார்களா? தெரியாது. கொழுந்து மூட்டையைத் தூக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாகும்வரை கேட்பேன். அதற்கு உன்னைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனால் எட்டு மாதம் நான் திருடனைப் பெற்றவளாக நடந்தேன் மைக்கல். கடைக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், மலைக்குப் போனேன். "நின்னுருக்கலாம்ல" என்று கேட்டவர்கள் முன்னால் தலையைக் குனிந்தேன். அந்த ஒவ்வொரு நாளும் பதில் உன் வாய்க்குள் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மரண விசாரணைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். மார்ச் மாதம், ஈப்போவில். உன் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்தால் உன்னை அவரே கூப்பிட்டுவிடுவார். இன்னும் கொடுக்கவில்லை. நீயாக வந்து சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

அற்புதம்மாள்


குளுவாங்
18.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வக்கீலைப் பார்த்து வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். மறுநாள் எங்கள் தூவானிடமும் நானே போய்ச் சொன்னேன். பெரிய அதிகாரி, கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "நீ மாமனாப் பேசப் போறியா, போலீசாப் பேசப் போறியா?" என்று மலாயில் கேட்டார்.

"அந்தப் போனை ரெண்டுமாத்தான் எடுத்தேன் தூவான்" என்றேன்.

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். பிறகு போகச் சொன்னார். அடுத்த வாரம் கவுண்டரிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். பழைய ஹெல்மெட்டும் ரோட்டில் வைக்கும் கூம்பும் அடுக்கி வைத்த அறை. ஒரு நாளைக்கு இரண்டு பேர் கதவைத் தட்டினால் அதிகம். பதினைந்து வருஷம் என்னோடு ரோந்து போன காளியண்ணன், கேன்டீனில் நான் உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போகிறான். முதல் நாள் "சாரிலா மைக்கல்" என்று மெதுவாகச் சொன்னான். இப்போது அதுவும் இல்லை. குவாட்டர்ஸில் எலைன் துணி காயப்போடப் போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

பூசையில் உங்கள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது எனக்குப் புரியவில்லை அக்கா. இப்போது புரிகிறது.

எலைனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் புள்ள இங்க வந்தா நான் போட்டாத்தான் சாப்பிடுவான். போயி சொல்லிட்டு வாங்க" என்றாள்.

மார்ச்சில் வருகிறேன்.

மைக்கல்


மேல் டிவிஷன் லயன்
30.8.2024

மைக்கலுக்கு,

தீர்ப்பு சொல்லி ஒரு மாதம் ஆகிவிட்டது. உனக்கு வக்கீல் சொல்லியிருப்பார். என் கையால் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எட்ரியன் எந்தக் கும்பலிலும் இருந்ததற்கு அத்தாட்சி இல்லை, கத்தி தோட்டத்துக் கத்தி, அவன் ஸ்டேஷனை நோக்கித்தான் ஓட்டினான், சுட்டதற்கு நியாயம் இல்லை. விசாரித்த கொரோனர் அம்மா இப்படித்தான் படித்தார். நிக்கோல் ஒவ்வொன்றாகத் தமிழில் என் காதில் சொன்னாள். மேல் நடவடிக்கைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்றுவரை ஒன்றும் நடக்கவில்லை. சுட்ட இரண்டு பேரும் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்களாம்.

அடுத்த ஞாயிறு ஃபாதர் அதைப் பூசையில் சொன்னார். எல்லோரும் வந்து கையைப் பிடித்தார்கள். ஜெயா அழுதாள். என் பெஞ்சில் இடமே இல்லை. இனி யாரும் நின்றிருக்கலாம் என்று சொல்லமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். வீடு அப்படியே இருந்தது. பேர் சுத்தமானால் ஏதாவது ஒன்று திரும்பி வரும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒன்றும் வரவில்லை. நிக்கோலும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பனி இறங்கினால் எதிர் லயன்கூடத் தெரியாது.

நீ கூண்டில் ஒன்றரை மணி நேரம் நின்றாய். "அவர் அப்படிச் சொன்னாருங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று அந்தப் பக்கத்து வக்கீல் கேட்டார். "ஆதாரம் இல்ல. காதால கேட்டவன் நான்தான்" என்றாய். பிறகு கீழே இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாய். உன் ஒரு பக்கத்தில் போலீஸ்காரர்கள் இரண்டு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் நம் ஆட்களும் அப்படித்தான். நான் பார்த்தேன். என்னால் வந்து உட்கார முடியவில்லை. வெளியே போகும்போது நீ எழுந்து நின்றாய், நான் தாண்டிப் போய்விட்டேன்.

ஒன்று கேட்கிறேன். வக்கீல்கள் மணி என்ன, சொன்ன வார்த்தை என்ன என்று மட்டும் கேட்டார்கள். நீ கோர்ட்டில் சொன்னதை நிக்கோல் கைக்கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட வரவில்லை. அவன் பேசியது நாலு நிமிஷம்.

மீதி மூன்று நிமிஷம் எனக்கு வேண்டும். அவன் குரல் எப்படி இருந்தது? அழுதானா? எனக்காக எதையும் குறைத்து எழுதாதே.

அக்கா


குளுவாங்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குறைக்கவில்லை. கூட்டவும் இல்லை.

அவன் அழவில்லை. குரல் நடுங்கியது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டான், எஞ்சின் சத்தம் கேட்டது. "பாலத்தத் தாண்டிட்டேன் மாமா" என்றான். "முன்னால மண்ணு லோரி போவுது, முந்தவா?" என்று கேட்டான். "முந்து, நிதானமா முந்து" என்றேன். முந்திவிட்டு, "முந்திட்டேன்" என்றான். நான் அவனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த காலத்தில் சொல்வானே, அதே மாதிரி. "அவனுங்களும் முந்துறானுங்க" என்றான்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா. பயந்துரும்" என்றான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிறகு முணுமுணுவென்று சத்தம் கேட்டது. மாதா செபம் சொல்லிக்கொண்டிருந்தான். பாதியில் நின்றுவிட்டது. "மாமா, அதுக்கப்புறம் என்னா?" என்றான். நான் எடுத்துக்கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து முடித்தோம். கவுண்டருக்கு முன்னால் புகார் கொடுக்க வந்த ஒரு சீனக் கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் வழிகாட்டிப் பலகை தெரிகிறது என்றான். "அந்த ஸ்டேஷனுக்கு அடிச்சு, கேட்டத் தொறந்து வைக்கச் சொல்றேன்டா. வச்சிட்டு உடனே அடிக்கிறேன்" என்றேன்.

"வச்சிராதீங்க மாமா" என்றான்.

நான் வைத்துவிட்டேன்.

அந்த ஸ்டேஷன் லைன் இரண்டு தடவை கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தவர் காத்திருக்கச் சொன்னார். இதைக் கோர்ட்டில் சொல்லியிருக்கிறேன். அவன் வைக்காதீர்கள் என்றதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்ப எட்ரியனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். ஒரு ஆள் எடுத்தான். மலாயில், "யார் நீ?" என்றான்.

அக்கா, அந்தக் குரலை எனக்குத் தெரியும். அந்த ஆளைத் தெரியாது, அந்தக் குரலைத் தெரியும். நானும் அப்படித்தான் பேசுவேன். போலீஸ் என்று அந்த நொடியே புரிந்தது. என்ன நடந்திருக்கும் என்றும் புரிந்தது. எட்ரியனின் மாமா, கோப்ரல் மைக்கல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அந்த அறிக்கையை அவர்கள் அப்படி எழுதியிருக்க முடியாது. நான் பேரைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

மூன்று நிமிஷத்துக்கு மேலேயே எழுதிவிட்டேன். இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

மைக்கல்


மேல் டிவிஷன் லயன்
29.9.2024

தம்பி மைக்கலுக்கு,

கடிதத்தை வீட்டில் வைத்துப் படிக்கவில்லை. மேல் மலைக்கு எடுத்துப் போய், எல்லோரும் கூடையை நிறுத்துக்கொடுக்கப் போன பிறகு படித்தேன்.

செபத்தில் எந்த இடத்தில் நின்றான் என்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும். "இப்பொழுதும்" வரைக்கும் வருவான், அதற்கப்புறம் "எங்கள் இறப்பின் வேளையிலும்" வராது. சின்ன வயசில் புதுநன்மைக்குப் படிக்கும்போதே அங்கேதான் தடுக்குவான். நான்தான் எடுத்துக்கொடுப்பேன். அன்றைக்கு அதை எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் இருந்தது. அதற்குமேல் இதில் எனக்கு எழுத வரவில்லை.

கேட் திறந்து வைக்கச் சொல்லப் போனை வைத்தாய். அதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் வைத்திருப்பேன். ஆனால் அந்த ஆள் யார் நீ என்று கேட்டபோது பேரைச் சொல்லாமல் வைத்தாயே, அது என் தொண்டையை விட்டு இறங்கவில்லை. இறங்குமா என்றும் தெரியவில்லை. அதைக் கடிதத்தில் பேசித் தீராது. நேரில் உட்கார்ந்து உன்னைத் திட்ட வேண்டும். நீ பதில் சொல்ல வேண்டும்.

லீவு எடுத்துக்கொண்டு வா. எலைனையும் கூட்டிவா. ஞாயிற்றுக்கிழமை வராதே, அன்றைக்கு வேடிக்கை பார்க்க ஆள் வரும். வேலை நாளில் வா. நான் அன்றைக்கு மலைக்குப் போகவில்லை என்று சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஏறிவிட்டால் நாலு மணி வரைக்கும் லயனில் ஒரு ஆள் இருக்காது.

நான் இருப்பேன்.

அக்கா